டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் பனிச்சறுக்கு: காலா யுசாவாவா, கருயிசாவாவா?

திருச்சிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நிஷி-கசாயில் இருக்கிறோம். மே மாதம் சென்னையிலிருந்து வந்தோம், இது எங்களுக்கு இங்கே முதல் குளிர்காலம். பெரியவனுக்கு 9 வயது, சின்னவனுக்கு 5. மாமியார் திருச்சியிலிருந்து வந்திருக்கிறார், பிப்ரவரி கடைசியில் திரும்புகிறார்.

பெரியவன் பள்ளியில் பாதிப் பேர் விடுமுறைக்குப் பனிச்சறுக்குப் போய் வந்துவிட்டார்களாம், அதனால் தினமும் வீட்டில் இதே பேச்சு. மாமியாருக்குச் சறுக்கெல்லாம் வேண்டாம். பனி வானத்திலிருந்து விழுவதை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டோக்கியோவில் இருந்தால் அது நடக்கும் என்று நம்பி வந்தார். இங்கே தினமும் வெயில் அடிக்கிறது.

இரவு தங்க முடியாது, கணவருக்கு விடுப்பு இல்லை. ஒரு சனி அல்லது ஞாயிறு, விடியற்காலை கிளம்பி இரவுக்குள் வீடு வர வேண்டும். காலா யுசாவா என்று சிலர் சொல்கிறார்கள், கருயிசாவா என்று சிலர் சொல்கிறார்கள். கணவரின் அலுவலக நண்பர் கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார். நாங்கள் நால்வரும் ஸ்கியைத் தொட்டதே இல்லை. மாமியாருக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. வீட்டில் எல்லோரும் சைவம். போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

வெண்மணி

நாங்கள் கருயிசாவா போனோம், எனக்கு ரொம்பப் பிடித்தது. டோக்கியோ நிலையத்திலிருந்து ஹொகுரிகு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தெற்கு வாசலில் இறங்கினால் பிரின்ஸ் ஹோட்டலின் சறுக்கு மைதானம் நடக்கும் தூரம்தான், இலவச பேருந்தும் ஓடுகிறது. சரிவுகள் அகலமாக, பயமில்லாமல் இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் அசாமா எரிமலை எதிரே முழுசாகத் தெரியும். சறுக்காதவர்களுக்குப் பக்கத்திலேயே பெரிய அவுட்லெட் கடைவீதி இருக்கிறது, உங்கள் மாமியாருக்கு உட்கார நிறைய இடம் கிடைக்கும். குழந்தைகளோடு போக அதைத்தான் சொல்வேன்.

கசாய் வாசி

சகோதரி, நானும் நிஷி-கசாய்தான். என் பெண்கள் இருவரும் காலாவில்தான் சறுக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பக்கம் போகாமல் இருந்ததில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெண்மணி சொன்னதில் தவறு எதுவும் இல்லை. கருயிசாவா வசதியான இடம். ஆனால் உங்கள் மாமியாரின் ஆசையை வைத்துப் பார்த்தால் அது சரிவராது. அங்கே சரிவில் கிடப்பது பெரும்பாலும் இயந்திரத்தால் செய்த பனி. அதனால்தான் நவம்பர் தொடக்கத்திலேயே திறக்கிறார்கள். குளிர் கடுமையாக இருக்கும், வெயிலும் நன்றாக அடிக்கும், ஆனால் வெள்ளைப் பட்டை போட்ட மாதிரி சரிவு மட்டும் வெளுத்திருக்க, பக்கத்து மரங்களெல்லாம் மொட்டையாகப் பழுப்பாக நிற்கும் நாட்கள் நிறைய. பனி விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மலையின் அந்தப் பக்கம் போக வேண்டும், காலா யுசாவா இருக்கும் நீகாத்தா பக்கம்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், பெரியவனுக்கும் சொல்லிக்கொடுங்கள். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று கிளம்புகிறது. ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை எல்லாம் வாரிக்கொண்டு வந்து நடுவில் நிற்கும் மலைத்தொடரில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து, சுமையை அந்தப் பக்கத்திலேயே பனியாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது அதில் ஈரமே மிச்சம் இல்லை. நீங்கள் துணி காயப்போட்டால் இரண்டு மணி நேரத்தில் காய்கிறதே, அது அந்தக் காற்றுதான். டோக்கியோவில் வெயில் அடிக்கும் அதே நாளில் யுசாவாவில் விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். பனி அதிகமான ஆண்டுகளில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்.

காலா போகும் ஜோயெட்சு ஷின்கான்சென் இந்த மலையை ஊடுருவிக்கொண்டு போகிறது. தகாசாகி தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கப்பாதைகள். கடைசியாக வருவது தாய்ஷிமிசு, 22 கிலோமீட்டர் நீளம். 1982-இல் ஜோயெட்சு ஷின்கான்சென் ஓடத் தொடங்கியபோது உலகிலேயே மிக நீளமான ரயில் சுரங்கம் அதுதான். ஜோமோ-கோகென் நிலையத்தைத் தாண்டியதும் மாமியாரை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், கைபேசியில் இருக்கும் பையன்களையும் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே நுழையும் முன் காய்ந்த வயலும் நீல வானமும். சில நிமிட இருட்டுக்குப் பிறகு வெளியே வந்தால் கூரை, கம்பி, மரம், பாதை எல்லாம் பனிக்குள் புதைந்து கிடக்கும். எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். உங்கள் மாமியார் அந்த ஒரு நொடியைப் பார்த்துவிட்டால் டிக்கெட் காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

சரி, காலா. அது ஒரு விசித்திரமான நிலையம். ஷின்கான்சென் பராமரிப்புத் தளத்துக்காக பக்கத்து எச்சிகோ-யுசாவா நிலையத்திலிருந்து பிரித்துப் போட்டிருந்த தண்டவாளத்தைப் பயன்படுத்தி, 1990 டிசம்பரில் ரயில்வே நிறுவனமே அங்கே ஒரு பனிச்சறுக்கு மைதானத்தைத் திறந்தது. குளிர்காலத்தில் மட்டும்தான் ரயில் அதுவரை போகும். டிக்கெட் தடுப்பைத் தாண்டினால் நேராக மைதானத்தின் கவுண்டர் கூடம். லிஃப்ட் (சறுக்குபவர்களைச் சரிவின் மேலே தூக்கிப்போகும் தொங்கு இருக்கை) டிக்கெட், வாடகைப் பொருள், உடை மாற்றும் அறை, லாக்கர் எல்லாம் ஒரே கட்டடம். அங்கிருந்தே 8 பேர் உட்காரும் கோண்டோலா, அதாவது கம்பியில் தொங்கி ஓடும் மூடிய பெட்டி, மேலே ஏறுகிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு இதைவிட வசதி கிடையாது, வெளியில் வழுக்கும் தரையில் கால் வைக்காமலே மலை மேல் போய்விடலாம். சறுக்காதவர்களுக்குக் கோண்டோலாவில் ஏறி இறங்க மட்டும் தனி டிக்கெட் உண்டு. மேலே சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது, கதகதப்பாக உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்க்கலாம். கொஞ்ச நேரம் வெளியே வந்து பனியில் நிற்க மட்டும் பனிக்காலணியை வாடகைக்கு எடுத்துக்கொடுங்கள். சேலைக்கு அன்று ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, உள்ளே தெர்மல், மேலே சல்வார் அல்லது தளர்வான பேண்ட், நீளமான கோட் போதும்.

பயண நேரம் டோக்கியோ நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில். தானிகாவா என்ற பெயருள்ள வண்டிகளில் காலா வரை போகிறவற்றைப் பாருங்கள். தோக்கி வண்டியாக இருந்தால் எச்சிகோ-யுசாவாவில் இறங்கி அங்கிருந்து இலவச பேருந்து, சில நிமிடம்தான். நம் நிலையத்திலிருந்து தோசாய் லைனில் ஓதேமாச்சி, அங்கிருந்து நிலத்தடி வழியாகவே டோக்கியோ நிலையம். ஷின்கான்சென் நடைமேடை 20 முதல் 23 வரை. சுரங்க நடை நீளம், மாமியாரோடு வருவதால் அரை மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காலா போகிறவர்களின் நாளைத் தின்பது ரயில் இல்லை, வரிசைதான். ஜனவரி கடைசி, பிப்ரவரி, அதுவும் சனி ஞாயிறு என்றால் வெளிநாட்டுப் பயணிகளும் உள்ளூர்க்காரர்களும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் சொல்லவே வேண்டாம். பிப்ரவரி 11, 23 இரண்டும் இங்கே அரசு விடுமுறை. அவற்றை ஒட்டிய சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்பதரை மணிக்கு வந்து இறங்கும் குடும்பம் வாடகைப் பொருள் வாங்கி, உடை மாற்றி, கோண்டோலா வரிசையில் நின்று மேலே போகும்போது மதியம் ஆகிவிடுகிறது. குழந்தை அதற்குள் களைத்துப்போய் அழ ஆரம்பித்துவிடும். ஆறு மணியை ஒட்டிக் கிளம்பும் வண்டிகளைப் பிடித்தால் எட்டு மணிக்கு முன்னால் அங்கே இருக்கலாம், கூட்டம் வருமுன் நீங்கள் மலை மேல். லிஃப்ட் டிக்கெட், வாடகை, பயிற்சி வகுப்பு மூன்றையும் இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். போகும் ரயிலுக்கு இருக்கையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்பை மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். அங்குள்ள பள்ளியில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பவர்களைக் கேட்டுப் பெறலாம். யூடியூப் பார்த்துவிட்டு அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், இருவருக்கும் அன்றைய நாள் கெட்டுப்போகிறது. பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, குதிகாலை அகட்டி, வேகத்தைக் குறைத்து நிற்பது எப்படி, பக்கவாட்டில் விழுவது எப்படி, விழுந்தால் எழுவது எப்படி. இந்த மூன்றும் வந்துவிட்டால் பெரியவன் மதியத்துக்குள் சின்னச் சரிவில் தானாக இறங்கிக்கொண்டிருப்பான். சின்னவனுக்கு ஸ்கி கட்டாயமில்லை. வழுக்குத் தட்டு விளையாட்டுக்குத் தனி இடம் இருக்கிறது, ஐந்து வயதில் அதுதான் பேரின்பம்.

இன்னொன்று. மாலையில் திரும்பும்போது கீழே வரை சறுக்கிக்கொண்டே இறங்க ஃபால்கன் என்று 2.5 கிலோமீட்டர் பாதை ஒன்று உண்டு. வரைபடத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். புதியவர்கள் அதில் போகவே கூடாது. கால் தளர்ந்த நேரம், கீழே போகப் போகப் பனி இறுகியிருக்கும், நடுவில் நின்றுவிட்டால் நடந்துதான் இறங்க வேண்டும். ஏறிய கோண்டோலாவிலேயே இறங்கிவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

உடுப்பில் பெரிய செலவு வேண்டாம். மேல் உடையும் பேண்ட்டும் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, தொப்பி, தடித்த காலுறை மட்டும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள், வொர்க்மேன் கடையில் நல்லதே மலிவாக இருக்கும். கையுறை தண்ணீர் புகாததாக இருக்கட்டும். கம்பளிக் கையுறை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும், அப்புறம் குழந்தை கையை வெளியே எடுக்காது. ஜீன்ஸ் கூடவே கூடாது.

ஓமியாவாசி

கார் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். நான் சாய்தாமாவில் இருக்கிறேன், கானெட்சு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவன். பனியில் ஓட்டிப் பழகாத குடும்பம் முதல் முறையே யுசாவாவுக்குக் காரில் போக வேண்டாம். டோக்கியோவில் வாடகைக்கு எடுக்கும் கார்களில் பனி டயர் தானாக இருக்காது, கேட்டுக் காசு கொடுத்துப் போட வேண்டும். கானெட்சு சுரங்கம் 11 கிலோமீட்டர், நுழையும்போது காய்ந்த சாலை, வெளியே வந்ததும் பனிப்புயல் என்று ஆகும் நாட்கள் உண்டு. ஞாயிறு மாலை திரும்பும் வழியில் கிலோமீட்டர் கணக்கில் நெரிசல், பின்னால் இரண்டு குழந்தைகளும் ஒரு பெரியவரும் உட்கார்ந்திருப்பார்கள். அப்படியும் போவதென்றால் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வையுங்கள், கைப்பிரேக் போடாமல் கியரை பார்க்கிங்கில் வையுங்கள். இல்லையென்றால் மாலையில் உறைந்து இறுகிப்போயிருக்கும்.

மலிவான வழி சுற்றுலாப் பேருந்து. ஷின்ஜுகு, டோக்கியோ நிலையம் பக்கமிருந்து விடியற்காலை கிளம்பும், லிஃப்ட் டிக்கெட்டும் சேர்த்தே வரும், ஷின்கான்சென் செலவில் பாதி கூட ஆகாது. தனியாளாகவோ நண்பர்களோடோ போகிறவர்களுக்கு நல்லது. போக மட்டும் மூன்று மணி நேரம், சாலை மோசமானால் இன்னும் கூட. முழங்கால் வலிக்காரருக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

திருச்சிக்காரி

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் மிக்க நன்றி. கசாய் வாசி அண்ணா, நீங்கள் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தச் சுரங்கத்தைப் பாத்துட்டுத் திரும்பிட்டாக்கூடப் போதும்" என்கிறார். காலா என்றே முடிவு செய்துவிட்டோம்.

மூன்று சந்தேகம் மிச்சம். மொத்தச் செலவு எவ்வளவு வரும்? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மாலையில் திரும்பும்போது கூட்டத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் உட்கார இடம் கிடைக்குமா?

கசாய் வாசி

செலவு முதலில். டோக்கியோவிலிருந்து ஒரு வழிக்குப் பெரியவருக்கு ஏறத்தாழ 7,000 யென், போக வர அதன் இரட்டிப்பு. 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். நாள் முழுக்க லிஃப்ட் டிக்கெட் பெரியவருக்கு 6,000 யென்னுக்கு மேல் இருக்கும், வாடகை தனி. நாலு பேருக்கும் ஸ்கி எடுக்காதீர்கள். நீங்களோ கணவரோ ஒருவர் பெரியவனோடு சறுக்கினால் போதும், மற்றவர் சின்னவனோடு வழுக்குத் தட்டுப் பக்கம். மாமியாருக்குக் கோண்டோலா டிக்கெட் மட்டும். இதிலேயே நல்ல தொகை மிச்சம். ஜே.ஆர். ரயில்வே நிறுவனமே ரயிலையும் லிஃப்ட் டிக்கெட்டையும் சேர்த்து ஒரு நாள் தொகுப்பாகவும் விற்கிறது, தனித்தனியாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் குறைவு. இணையத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டோக்கியோ வைட் பாஸ் என்று ஒன்று இருக்கிறது, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு, இங்கேயே குடியிருப்பவர்களும் வாங்கலாம். தொடர்ந்து மூன்று நாள், காலாவும் அதில் அடக்கம். நீங்கள் ஒரு நாள் மட்டும் போவதென்றால் அது லாபமில்லை. மாமியாரை மறுநாள் நிக்கோவுக்கும் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் அவருக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாப்பாடு கட்டாயம் வீட்டிலிருந்துதான். மைதானத்தில் 'கரீ ரைஸ்' என்ற ஜப்பானியக் குழம்புச் சாதத்தில் காய்கறி மட்டும் கண்ணுக்குத் தெரிகிற தட்டு வந்தாலும் குழம்பில் இறைச்சிச் சாறு இருக்கும், நூடுல்ஸ் சாற்றில் மீன். சப்பாத்தி உருட்டி எடுத்துப் போங்கள், குளிரிலும் அது கெட்டியாகாமல் தாங்கும். புளியோதரை என்றால் சூடு தாங்கும் டப்பாவில் போடுங்கள், சாதாரண டப்பாவில் மதியத்துக்குள் சோறு விறைத்துவிடும். ஷின்கான்செனில் உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே சகஜம், காலைச் சாப்பாட்டை ஓமியா தாண்டியதும் முடித்துவிடலாம். மாலையில் நேரம் இருந்தால் எச்சிகோ-யுசாவா நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைச் சுற்றிப் பாருங்கள். அந்தப் பக்கத்து உஓனுமா அரிசி ஜப்பான் முழுக்கப் பேர் பெற்றது. மலையிலிருந்து உருகி வரும் பனித்தண்ணீரில் விளைகிறது. காவிரித் தண்ணீர்ச் சோறு சாப்பிட்டு வளர்ந்த உங்கள் மாமியார் அதைச் சாப்பிட்டுவிட்டு என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை. ஒரு கிலோ பை வாங்கி வந்து வீட்டில் வடித்துக் கொடுங்கள். நிலையத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தால் சாலை நடுவில் சின்னச் சின்னக் குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருக்கும். நிலத்தடி நீரை இறைத்துப் பனியைக் கரைக்கிறார்கள். அந்த நீரின் இரும்பால்தான் சாலை செம்பழுப்பாக இருக்கிறது. பையன்களுக்குக் காட்டுங்கள். மாமியாரை மட்டும் அங்கே நடக்க விடாதீர்கள், காலணி நனைந்துவிடும்.

திரும்பும் ரயிலுக்கு ஒரு வழி சொல்கிறேன். காலாவிலிருந்தே கிளம்பும் வண்டியில் ஏறுங்கள். அது அங்கே காலியாகத்தான் நிற்கும், பதிவில்லாத பெட்டியில்கூட ஐந்து பேரும் சேர்ந்து உட்காரலாம், கிளம்பும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் வரிசையில் நின்றால். எச்சிகோ-யுசாவாவில் ஏறினால் நீகாத்தாவிலிருந்து நிறைந்து வரும் வண்டியில் நிற்க வேண்டி வரலாம். அரிசி வாங்க அங்கே இறங்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே இருக்கை பதிவு செய்துவிடுங்கள். கடைசி நேரக் கூட்டத்தைத் தவிர்க்க மூன்று மணிக்கே சறுக்கை முடித்து, வாடகைப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. நாலு மணிக்கு மேல் அந்தக் கவுண்டரிலும் வரிசைதான்.

காற்று பலமாக வீசினால் கோண்டோலாவை நிறுத்திவிடுவார்கள். முதல் நாள் இரவும் அன்று காலை கிளம்புமுன்னும் அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள். நிறுத்தியிருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். மாமியார் பிப்ரவரி கடைசி வரை இருக்கிறார் என்றீர்களே, அதனால் முதல் முயற்சியை ஜனவரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்காரி

ஜனவரி கடைசிச் சனிக்கிழமைக்கு ரயிலும் வகுப்பும் பதிவு செய்யப் போகிறோம். கடைசியாக ஒன்று: சின்னவனுக்கு ரயில் டிக்கெட் வேண்டுமா?

கசாய் வாசி

6 வயதுக்குக் கீழே தனி இருக்கை கேட்காவிட்டால் இலவசம், மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் போகும்போது அவனுக்கும் பாதிக் கட்டணத்தில் ஒரு இருக்கை எடுத்துவிடுங்கள். கனத்த உடுப்போடு ஒன்றேகால் மணி நேரம் மடியில் தாங்க முடியாது, அவனும் தூங்கிவிட்டால் நல்லது. வரும்போது காலாவில் ஏறினால் தேவைப்படாது.